குண்டுக் கரிச்சானுக்குப் பெயர் வந்த கதை

தோட்டத்து லயங்களில் இருந்தும், தோட்டத்தை விட்டு வெளியே வந்து தாமான்களிலும் அடுக்குமாடி வீடுகளிலும் குடியிருந்துகொண்டும் இந்தப் பேச்சைக் கேட்கும் அம்மாமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

இன்றைக்கு ஒரு பறவையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதைக் காட்டில் போய்த் தேட வேண்டியதில்லை. விடியற்காலையில் பெரட்டுக்குப் புறப்படும்போது, இன்னும் இருட்டு விலகாத நேரத்தில், லயத்துக்குப் பின்னால் இருக்கும் பலா மரத்தின் உச்சியிலோ ஆயாக்கொட்டகையின் கூரை முகட்டிலோ உட்கார்ந்துகொண்டு ஒருவன் சீழ்க்கை அடிப்பான். மற்றப் பறவைகள் எல்லாம் வாய் திறப்பதற்கு முன்பே இவன் தொடங்கிவிடுவான். ஒரே மெட்டையும் திருப்பித் திருப்பிப் பாட மாட்டான். ஏற்றுவான், இறக்குவான், நடுவே நிறுத்துவான், பக்கத்தில் கேட்ட வேறொரு பறவையின் குரலை எடுத்துத் தன் பாட்டில் ஒட்டிக்கொள்வான். அவனைத்தான் சொல்கிறேன்.

வெளிச்சம் வந்ததும் பாருங்கள். மைனாவைவிடச் சற்றுச் சிறியது. ஒரு சாண் நீளம் இருக்கலாம். ஆணுக்குத் தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் மினுமினுக்கும் கறுப்பு. வயிறு வெள்ளை. இறக்கையில் நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. பெண்ணுக்குக் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் சாம்பல் நிறம். இரண்டுக்கும் பொதுவான அடையாளம் வால்தான். தரையில் தத்தித் தத்திப் புழு பொறுக்கும்போது வாலை மேலே தூக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

இதற்கு என்ன பெயர்? பள்ளிக்கூடத்தில் இதைக் கேட்டால் பிள்ளைகள் பெரும்பாலும், "குருவி, சார்" என்பார்கள். எந்தக் குருவி என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு வருஷம் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை மட்டும் எழுந்து, "பெரட்டுக் குருவி" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் வீட்டில் அம்மா காலையில் எழும் நேரத்தில் அது கத்துவதால், தானாகவே அப்படி ஒரு பெயர் வைத்திருந்தாள். நான் சிரிக்கவில்லை. உலகத்தில் உள்ள பறவைகளில் பாதிக்கு மேல் இந்த விதமாகத்தான் பெயர் பெற்றிருக்கும். கா கா என்று கத்துவதைக் காக்கை என்றோம். கூ என்று கூவுவதைக் குயில் என்றோம். வட அமெரிக்காவில் சிக்கடீ என்று ஒரு சிட்டு இருக்கிறது. அது கத்துவதே 'சிக்-அ-டீ-டீ' என்றுதான். எருமையோடு எருமையாகத் திரியும் மைனாவுக்கு மலாய்க்காரர்கள் 'கெம்பாலா கெர்பாவ்', அதாவது எருமை மேய்ப்பவன், என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைவிட நல்ல பெயரை எந்தப் பண்டிதரும் வைத்திருக்க முடியாது.

நம் பறவைக்கு மலாயில் முராய் என்று பெயர். கம்பத்து வீடுகளைச் சுற்றித் திரிவதால் முராய் கம்போங். ஓயாமல் பேசுகிறவர்களை மலாயில் 'முலுட் முராய்' என்பார்கள், முராயின் வாய் என்று பொருள். வால் பிடுங்கப்பட்ட முராய் மாதிரி என்று ஒரு பழமொழியும் அவர்களிடம் உண்டு. அதுவும் வாயாடிகளைப் பற்றியதுதான்.

தமிழில் இதற்குக் குண்டுக் கரிச்சான் என்று பெயர். கரி என்றால் கறுப்பு. வால் பிளந்து நீண்டு, மாட்டின் முதுகில் உட்கார்ந்து வரும் கரிச்சான் வேறு. இது அதைவிடக் கட்டையாக, உருண்டையாக இருப்பதால் குண்டு என்ற அடைமொழி சேர்ந்தது. வண்ணாத்திக் குருவி என்ற பெயரும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வழங்குகிறது. இலங்கைத் தமிழர்கள் பட்டாம்பூச்சியைக்கூட வண்ணாத்திப்பூச்சி என்றுதான் சொல்வார்கள். உங்கள் வீட்டில் வயதான பாட்டி இருந்தால் இந்தப் பறவையைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். வேறொரு பெயரும் கிடைக்கலாம். கிடைத்தால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

இன்னொருவரையும் கேட்கச் சொல்வேன். இப்போது நம் தோட்டங்களில் வங்காளதேசத்து ஆட்கள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்களிடம் இந்தப் பறவையைக் காட்டினால் முகம் மலர்ந்து "தோயேல்" என்பார்கள். அவர்கள் நாட்டின் தேசியப் பறவையே இதுதான். இரண்டு டாக்கா நோட்டில்கூட இதன் படத்தை அச்சடித்திருந்தார்கள். ஊரையும் பிள்ளைகளையும் விட்டு வந்து செம்பனைக் குலை சுமக்கும் ஒரு மனிதருக்கு, விடியற்காலையில் தன் நாட்டுப் பறவை இங்கே பாடுவது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் தாத்தாமார்கள் கப்பலில் வந்து இறங்கியபோது அவர்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். புதிய மண், புதிய மரம், புதிய துரை, ஆனால் காலையில் பாடியது ஊரில் பாடிய அதே கரிச்சான்.

இனி ஆங்கிலப் பெயருக்கு வருவோம். 'மேக்பை ராபின்' என்பது ஆங்கிலப் பெயர். இந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ராபின் என்பது இங்கிலாந்தில் தோட்டந்தோறும் காணப்படும் ஒரு சின்னஞ்சிறு பறவை. நெஞ்சு செம்மஞ்சளாக இருக்கும். முதலில் அதைச் செந்நெஞ்சுப் பறவை என்று பொருள்படும்படிதான் அழைத்தார்கள். 15-ஆம் நூற்றாண்டில் அதற்கு ஒரு மனிதப் பெயரைச் செல்லமாகச் சேர்த்தார்கள். ராபர்ட் என்ற பெயரின் செல்லப் பெயர்தான் ராபின். முருகேசனை முருகா என்று கூப்பிடுவது மாதிரி. நாளடைவில் செந்நெஞ்சு உதிர்ந்துபோய் ராபின் மட்டும் நின்றது.

செம்மஞ்சளாக இருக்கும் நெஞ்சைச் சிவப்பு என்று ஏன் சொன்னார்கள் என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து ஆங்கிலத்தில் செம்மஞ்சள் நிறத்துக்குத் தனிப் பெயர் வழக்கத்துக்கு வரவில்லை. ஆரஞ்சுப் பழம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, பழத்தின் பெயரே நிறத்தின் பெயராயிற்று. அந்த ஆரஞ்சு என்ற சொல்லோ அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் என்று பின்னோக்கிப் போகிறது. அதற்கும் பின்னால் நம் நாரத்தையோடு உறவுள்ள ஒரு திராவிடச் சொல் இருக்கிறது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. பேச்சு பறவையை விட்டுப் போகிறது, திரும்பி வருகிறேன்.

மேக்பை என்பது ஐரோப்பாவில் உள்ள இன்னொரு பறவை. காக்கைச் சாதி. கறுப்பும் வெள்ளையும் கலந்தது, நீண்ட வால் உடையது. பை என்பது லத்தீன் வழியாக வந்த பழைய பெயர். மேக் என்பது மார்கரெட் என்ற பெண் பெயரின் சுருக்கம். ஓயாமல் பேசும் பெண்ணைக் கேலியாக மேக் என்பார்களாம், பறவையும் ஓயாமல் கத்துவதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மலாய்க்காரரின் முலுட் முராயும் ஆங்கிலேயரின் மேக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமலே ஒரே கருத்தில் வந்து நிற்கின்றன. வாயாடிப் பட்டத்தைப் பெரும்பாலும் பெண்கள் தலையில்தான் கட்டுகிறார்கள். நம் கரிச்சானிலோ மணிக்கணக்கில் கச்சேரி வைப்பது ஆண்தான். இதைத் தாய்மார்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

ஆக, ஆங்கிலேயன் இந்தியாவுக்கு வந்து இந்தப் பறவையைப் பார்த்தான். கறுப்பு வெள்ளை நிறம் மேக்பையை நினைவூட்டியது. உருவமும் தத்தலும் ராபினை நினைவூட்டின. இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்துவிட்டான். மார்கரெட்டும் ராபர்ட்டும் நம் பலா மரத்தில் குடியேறிவிட்டார்கள்!

இதே காரியம் வட அமெரிக்காவிலும் நடந்தது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து போய்க் குடியேறியவர்கள் அங்கே செந்நிற நெஞ்சுள்ள ஒரு பறவையைப் பார்த்தார்கள். அது அவர்கள் ஊர் ராபின் அல்ல, ராபினைவிட மிகவும் பெரியது. அது த்ரஷ் என்னும் வேறு வகையைச் சேர்ந்தது. ஆனாலும் நெஞ்சின் நிறத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது. ராபின் என்று அழைத்தார்கள். இன்றுவரை அதுவே பெயர். கனெக்டிகட், மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய 3 மாநிலங்கள் அதைத் தங்கள் மாநிலப் பறவையாக வைத்திருக்கின்றன. அந்தப் பறவைக்கு முன்பே அங்கே பெயர் இல்லாமல் இல்லை. அந்த மண்ணின் ஆதிக்குடிகளான ஒஜிப்வே மக்கள் அதை 'ஓப்பிச்சி' என்று அழைத்து வந்தார்கள். குடியேறியவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

ஊரை விட்டுப் போனவர்கள் புது இடத்தில் பழைய பெயர்களைத் தூவுவது இயற்கைதான். நம்மவர்களும் செய்தார்கள். ஆனால் சில இடங்களில் நம்மவர்கள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தாங்களே பெயர் வைத்தார்கள். ரப்பர் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் என்ற ஆங்கிலப் பெயருக்குத் தேய்த்து அழிக்கும் பொருள் என்றுதான் அர்த்தம். பென்சில் எழுத்தை அழிக்க அது உதவும் என்று 1770-இல் இங்கிலாந்தில் எழுதினார்கள், அந்தப் பெயர் நிலைத்தது. மரத்தைக் கண்ணால் கண்டிராதவர்கள் மேசையில் உட்கார்ந்து வைத்த பெயர் அது. உளியை வைத்துப் பட்டை சீவி, மங்கில் பால் வடிவதைப் பார்த்த நம் பாட்டன் பாட்டி வைத்த பெயர் பால்மரம். எது பொருத்தமான பெயர் என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த கதை. பறவைகளுக்கு ஊர்ப் பெயர்கள் எத்தனை இருந்தாலும், உலகம் முழுவதும் உள்ள அறிஞர்கள் புரிந்துகொள்ள லத்தீன் வடிவத்தில் ஒரே பெயர் உண்டு. நம் பறவைக்கு அந்தப் பெயர் 'காப்சிக்கஸ் சௌலாரிஸ்'. முதல் பாதி கிரேக்கச் சொல், கரும்பறவை என்று பொருள். நம் கரிச்சானும் அதேதான். இரண்டாம் பாதி சௌலாரிஸ். இந்தச் சௌலாரிஸ் எங்கிருந்து வந்தது என்பதில் 100 ஆண்டுகளுக்கு மேல் பெரிய குழப்பம் நடந்திருக்கிறது. அதன் வேர் சென்னைக் கோட்டையில் இருக்கிறது.

1690களில் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எட்வர்டு பல்க்லி என்ற ஆங்கில வைத்தியர் வந்தார். கம்பெனி வேலைக்கு வந்தவர், ஓய்வு நேரத்தில் செடிகொடிகளையும் பறவைகளையும் சேர்த்தார். லண்டனில் ஜேம்ஸ் பெட்டிவர் என்று ஒரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். கடல் கடந்து போகும் வைத்தியர்களிடமும் மாலுமிகளிடமும் சொல்லிவைத்து, பூச்சி, சிப்பி, இலை, இறகு என்று எது கிடைத்தாலும் வரவழைத்துக்கொள்வது அவர் வழக்கம். பல்க்லி அவருக்குச் சென்னையிலிருந்து பறவைகளை அனுப்பினார். அவற்றில் நம் கரிச்சானின் ஆண் பறவை ஒன்றும் இருந்தது. கூடவே அதன் பெயரும் போயிற்று. பெயர் 'சௌலாரி'.

பெட்டிவர் இந்தச் சென்னைப் பறவைகளைப் பற்றி எழுதியதை, ஜான் ரே என்ற பேரறிஞரின் பறவை நூலில் சேர்த்து 1713-இல் அச்சிட்டார்கள். ரே அதற்குள் காலமாகிவிட்டார். அவர் இறந்தது 1705-இல். இப்படியாகச் சென்னையில் யாரோ வாயால் சொன்ன ஒரு சொல் லண்டனில் அச்சேறியது.

பிறகு 1730களில் எலியேசர் ஆல்பின் என்ற ஓவியர் வங்காளத்துப் பறவை ஒன்றைப் படம் வரைந்து 'டயல்' பறவை என்று பெயர் போட்டார். அது வங்காளிகள் சொல்லும் தோயேல்தான். வடநாட்டில் தையல் என்றும் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலத்தில் டயல் என்றால் கடிகார முகம், வெயிலின் நிழலைக் கொண்டு நேரம் பார்க்கும் சூரியக் கடிகாரம். இங்கேதான் முடிச்சு விழுந்தது.

1758-இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் உலகத்து உயிர்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய தம் நூலில் இந்தப் பறவைக்குச் சௌலாரிஸ் என்று பெயர் எழுதினார். பின்னால் வந்த லெவாலியான் என்ற பிரெஞ்சுக்காரர் டயல் என்பதைக் கண்டு, சூரியக் கடிகாரம் என்றே எண்ணிக்கொண்டு, பிரெஞ்சு மொழியில் அந்தப் பொருள்படும் சொல்லையே பறவைக்குப் பெயராக வைத்துவிட்டார். அடுத்தவர் ஜெர்டன். சென்னைப் பட்டாளத்தில் வைத்தியராக இருந்தவர். இந்தியப் பறவைகளைப் பற்றி 1862 முதல் 1864 வரை பெரிய நூல் வெளியிட்டவர். சாதாரண ஆள் அல்ல. அவரே என்ன எழுதினார் தெரியுமா? லின்னேயஸ் இதைச் சூரியனோடு தொடர்புள்ள பறவை என்று நினைத்துச் சோலாரிஸ் என்று எழுத வந்தார், பேனா வழுக்கிச் சௌலாரிஸ் என்று விழுந்துவிட்டது என்று எழுதினார்.

கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் காட்சிசாலையைப் பார்த்துக்கொண்ட எட்வர்டு பிளைத் என்பவர்தான் இந்த முடிச்சை அவிழ்த்தார். பேனா வழுக்கவும் இல்லை, சூரியனும் இல்லை, சென்னையிலிருந்து பல்க்லி அனுப்பிய பறவையோடு போன சௌலாரி என்ற நாட்டுச் சொல்தான் அது என்று காட்டினார். வடமொழிப் பேச்சில் சௌ என்றால் நூறு. நூறு பாட்டுப் பாடுவது என்ற பொருளில் அந்தப் பெயர் வந்தது என்பது அவருடைய விளக்கம்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது பிளைத்தின் கெட்டிக்காரத்தனம் அல்ல. இத்தனை அறிஞர்களின் பெயரும் புத்தகத்தில் இருக்கிறது. வைத்தியர் பெயர், மருந்துக்கடைக்காரர் பெயர், ஓவியர் பெயர், எல்லாம் இருக்கிறது. "ஐயா, இதுக்குப் பேரு சௌலாரி" என்று வைத்தியரிடம் முதலில் சொன்னது யார்? பறவை பிடிக்கிறவரா, கோட்டையில் வேலை செய்த தோட்டக்காரரா, சமையல்காரரா? அந்த ஆளின் பெயரை யாரும் எழுதவில்லை. அவர் சொன்ன சொல் மட்டும் 300 ஆண்டுகளாக உலகத்துப் பறவைப் புத்தகங்களில் எல்லாம் நிற்கிறது. தோட்டத்துச் சனங்களுக்கு என்ன தெரியும் என்று யாராவது உங்கள் பிள்ளையிடம் சொன்னால், இந்தச் சௌலாரியை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். எந்த மரத்தில் எந்தக் குருவி கூடு கட்டும், எந்த இலை காயத்துக்கு ஆகும், எந்தப் பாம்புக்கு விஷம் இல்லை என்று நம் பெரியவர்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது. தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் நாலாபக்கமும் போகும்போது மேசை நாற்காலியை லாரியில் ஏற்றுகிறோம். இந்த அறிவை ஏற்ற நமக்கு வண்டி கிடைப்பதில்லை.

பெயரைக் காதால் கேட்டு எழுதுவது எவ்வளவு சிக்கலானது என்பதைத் தோட்டத்து மக்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழைய காலத்தில் கிராணி எழுதினால் அதுதான் பெயர். வள்ளியம்மா என்ற அழகான பெயரை வேறு எழுத்தில் எழுதித் திரும்ப வாசித்தால் வலியம்மா ஆகிவிடும். அப்பாவின் பெயர் கலியாணப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் அடையாளக் கார்டில் இன்னொரு விதமாகவும் இருந்ததால், என்னிடம் படித்த ஒரு பையனுக்கு 12 வயதில் கார்டு எடுக்கப் போனபோது தடங்கல் வந்தது. ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்துக்காக அந்தத் தகப்பனார் 4 முறை வேலையை விட்டுவிட்டு, கூலியை இழந்து, பஸ் பிடித்து ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். நானும் ஒரு நாள் கூடப் போனேன். "இது என் பேருதாங்க" என்று அவர் சொன்னார். அங்கே இருந்தவர் காகிதத்தைப் பார்த்தார், அவரைப் பார்க்கவில்லை.

விலங்கியலில் ஒரு விதி உண்டு. முதலில் முறையாக அச்சிட்ட பெயர் எதுவோ அதுவே நிற்கும், பொருள் பொருந்தவில்லை என்று பின்னால் வருகிறவர் மாற்ற முடியாது. ஜெர்டன் சொன்னதை நம்பி யாராவது சோலாரிஸ் என்று திருத்தியிருந்தால் சென்னைக்காரரின் சொல் அழிந்துபோயிருக்கும். அந்த விதி நம் பறவையைக் காப்பாற்றியது. மனிதர் விஷயம் அப்படி இல்லை. மனிதர் பெயரில் தவறு விழுந்தால் தேசியப் பதிவிலாகாவில் மனுக் கொடுத்துத் திருத்தலாம். ஆனால் பிறகு திருத்துவதைவிட முதலிலேயே பார்ப்பது சுலபம். பிள்ளை பிறந்து பதிவு செய்யப் போகும்போது அம்மா அப்பா இருவருடைய அடையாளக் கார்டையும் கையில் வைத்துக்கொண்டு, எழுதியதை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவசரப்படுத்தினால் அவசரப்படாதீர்கள். பறவை யாரிடமும் கார்டு காட்ட வேண்டியதில்லை, நம் பிள்ளை பள்ளிக்கூடம் முதல் ஆஸ்பத்திரி வரை காட்ட வேண்டும்.

பினாங்குக்கும் இந்தப் பறவையின் பெயருக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு. சிங்கப்பூரை நிறுவிய ராபிள்ஸ் முதலில் வேலைக்கு வந்து இறங்கியது நம் ஜார்ஜ் டவுனில்தான், 1805-ஆம் ஆண்டில். மலாய் மொழியில் தேர்ச்சி பெற்றதும் இங்கே இருந்தபோதுதான். அவர் பின்னாளில் சுமத்ராவில் இருந்துகொண்டு அந்தப் பகுதியின் பறவைகளைப் பற்றி எழுதினார். நம் பக்கத்துக் கரிச்சானுக்கு 1822-இல் அவர் வைத்த பெயர் 'மூசிக்குஸ்', அதாவது பாட்டுக்காரன். இந்தியாவில் உள்ளதும் இங்கே உள்ளதும் ஒரே இனம்தான் என்றாலும், தீபகற்பத்தில் உள்ள வகையைப் பிரித்துச் சொல்ல இன்றும் அந்தப் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஊர் பெயர்களிலும் இப்படித்தானே? ஆங்கிலேயர் தங்கள் ராஜா பெயரைச் சூட்டி ஜார்ஜ் டவுன் என்றார்கள். மலாய்க்காரர்கள் தஞ்சோங் என்கிறார்கள். தீவுக்குப் பாக்கு மரத்தின் பெயர். அருவி விழும் பூந்தோட்டத்துப் பக்கத்தை நம்மவர்கள் தண்ணீர்மலை என்கிறார்கள். தைப்பூசத்துக்கு எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் யாரும் ஆங்கிலப் பெயரைச் சொல்வதில்லை.

பெயரைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பறவையைப் பற்றிச் சொல்லாமல் போனால் நன்றாக இராது. கரிச்சானின் முக்கிய ஆகாரம் பூச்சி, புழு, வெட்டுக்கிளி. பூரானையும் அட்டையையும்கூட விடாது. சிறு பல்லியும் பிடிக்கும். வீட்டுக்குப் பின்னால் கீரைப் பாத்தி போட்டிருக்கிறவர்களுக்குக் கூலி கேட்காத வேலைக்காரன். மரப்பொந்திலோ சுவர் ஓட்டையிலோ கூரை இடுக்கிலோ வேரும் புல்லும் சேர்த்துக் கூடு வைக்கும். நம் பக்கத்தில் பெரும்பாலும் ஜனவரி முதல் ஜூன் வரை கூடு கட்டும் காலம். பெண்தான் அடை காக்கும். ஆண் எல்லையைக் காவல் காக்கும். வேறொரு ஆண் வந்துவிட்டால் நெஞ்சை நிமிர்த்தி, வாலை விரித்து, பாட்டாலேயே சண்டை போடும். குஞ்சு பொரித்த பின் இரண்டும் சேர்ந்து இரை கொண்டுவரும்.

இந்தப் பாட்டே இதற்கு எமனாகவும் இருக்கிறது. பிடித்துக் கூண்டில் அடைத்து விற்கிறார்கள். ஒரு கரிச்சானின் குரலைப் பதிவு செய்து போட்டால், எல்லைக்காரன் சண்டைக்கு வருவான், வலையில் விழுவான். சிங்கப்பூரில் 1920களில் எங்கும் காணப்பட்ட பறவை 1970களில் அரிதாகிப்போயிற்று. வெளியிலிருந்து வந்த மைனாக்கள் பொந்துகளைப் பிடித்துக்கொண்டதும், ஆட்கள் பிடித்துப் போனதும், மரங்கள் போனதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பிறகு அங்கே சட்டம் போட்டுப் பாதுகாத்தார்கள், அண்மைக் காலத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. இந்தோனேசியாவில் பாட்டுப் பறவைப் போட்டிகளுக்காகக் காடுகளே வாய் மூடிப்போகின்றன என்று பறவை அறிஞர்கள் கவலைப்படுகிறார்கள். நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010-ஆம் ஆண்டிலிருந்து கடுமையாகியிருக்கிறது. சிறுபிள்ளைகள் விளையாட்டாகக் கண்ணி வைப்பதைக் கண்டால் அதட்டாமல், கூட்டில் குஞ்சு பசியோடு காத்திருப்பதைக் காட்டிக்கொடுங்கள்.

அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். காலையில் எழுந்ததும் முதல் பாட்டு எத்தனை மணிக்குக் கேட்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்து ஏழு நாளும் குறித்து வையுங்கள். மழை பெய்த நாளில் நேரம் மாறுகிறதா, ஒரே இடத்திலிருந்து பாடுகிறதா, பதில் பாட்டு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் எழுதுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு அதையும் எழுதி, சொன்னவர் பெயரைப் பக்கத்தில் போடுங்கள். சொன்னவர் பெயரை மறந்துவிடாதீர்கள். தாளை உங்கள் வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள்.